சிகாகோக்காரர் சாம்பிள் எடுக்கவில்லை

அமெரிக்காவில் மதுவிலக்குச் சட்டம் ஏன் தோற்றது என்பதைச் சரியாக அறிந்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான் இருந்தார். அவர் அமெரிக்காவில் இருக்கவில்லை. டென்மார்க்கில், ஸ்கீவ என்ற சின்னப் பட்டினத்தில், மாடி வீடொன்றில், நான் தேத்தண்ணி வைத்த அதே குசினியில் தானும் தேத்தண்ணி வைத்துக்கொண்டு இருந்தார்.

"சாம்பிள் எடுக்கேல்லை காணும்!" என்பார். "பீப்பாயைக் கோடாலியால கொத்தினால் பாக்கிறதுக்கு வடிவாத்தான் இருக்கும். நாளைக்குக் கோட்டில நீதவானுக்கு எதைக் காட்டுறது? நனைஞ்ச சப்பாத்தையோ?"

எக்சைஸ் அண்ணை என்றால் ஸ்கீவவில் இருந்த தமிழர் எல்லோருக்கும் தெரியும். சொந்தப் பெயரைச் சொன்னால் அவருக்கே திரும்பிப் பார்க்கத் தோன்றாது. ஊரில் மதுவரித் திணைக்களத்தில் ரோந்து போகிற கார்டாக இருந்தவர். வடமராட்சிப் பத்தைகளுக்குள் கசிப்பு என்ற கள்ளச் சாராயம் காய்ச்சினவர்களைத் துரத்தித் துரத்தி முழங்கால் தேய்ந்தவர். சண்டை தொடங்கித் திணைக்களம் சுருண்டு, உயிர் தப்ப நாடுவிட்டு வந்தபோது எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தார். திணைக்களத்தை மட்டும் விடாமல் கொண்டுவந்தார்.

எண்பதுகளில் டென்மார்க்குக்கு வந்த எங்களை அரசாங்கம் நாடு முழுவதும் விதை தூவுவதுபோலத் தூவிவிட்டது. ஸ்கீவவில் விழுந்தது ஒரு கைப்பிடி. எங்கள் வீட்டில் மூன்று பேர். எக்சைஸ் அண்ணை, மன்னாரிலிருந்து வந்த ஜெயம், நான். ஜெயம் பூக்கன்றுத் தோட்டமொன்றில் வேலை செய்த இளந்தாரி. வாய் ஓயாதவன். நான் ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவன், ஆகவே மாஸ்டர். டேனிஷையும் மற்றவர்களுக்கு முந்திப் பிடித்துக்கொண்டேன். கொம்யூன் என்ற நகரசபை அலுவலகம், ஆஸ்பத்திரி, பொலிஸ் எங்கே போனாலும் என்னைத்தான் கூட்டிக்கொண்டு போவார்கள். அந்தப் பெருமை எனக்கு நிறைய இருந்தது. அதனால் வந்த வினையைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது சனிக்கிழமைப் பின்னேரங்களில் தொலைக்காட்சியில் ஒரு பழைய கறுப்பு வெள்ளைத் தொடரைத் திரும்பப் போட்டார்கள். அமெரிக்காவில் குடியைச் சட்டம் போட்டுத் தடுத்த காலத்தில் சிகாகோவில் கள்ளமாகச் சாராயம் விற்ற சண்டியர்களும், அவர்களைப் பிடிக்கத் திரிந்த அரசாங்க அதிகாரிகளும் அதில் வருவார்கள். எல்லோரும் தொப்பி. எல்லோருக்கும் நீளக் கோட்டு. ஒவ்வொரு கிழமையும் ஒரு களஞ்சியத்துக் கதவை உடைத்துக்கொண்டு கார் உள்ளே பாயும். பீப்பாய்கள் சிதறும். பேச்சு அமெரிக்க ஆங்கிலம், மூக்கால் வேகமாகக் கொட்டுவது. கீழே டேனிஷ் எழுத்து ஓடும். எக்சைஸ் அண்ணைக்கு முன்னதும் விளங்காது, பின்னதும் விளங்காது. அதனால் கோபம் குறைந்தது என்று நினைக்கவேண்டாம்.

"மாஸ்டர், என்ன சொல்லுறான் அவன்?"

"கதவைத் திற எண்டு சொல்லுறான்."

"தேடுதல் ஓடர் காட்டினவனோ?"

"காட்டேல்லை, அண்ணை."

"விசரன்! வழக்கு இதிலயே முடிஞ்சுது. இனிப் படத்தை நிப்பாட்டலாம்."

படத்தை நிற்பாட்டமாட்டார். கதிரை நுனியில் உட்கார்ந்து, தொடரில் வருகிற தலைமை அதிகாரிக்குக் கட்டளையிடத் தொடங்குவார். அந்த அதிகாரியைப் பெரியவர் என்று மரியாதையாகத்தான் சொல்லுவார். "பெரியவர் நல்ல மனிசன். கை நீளாது. ஆனால் வேலை பழக்கினவன் சரியில்லை. எல்லாத்தையும் உடைக்கிறதுக்கு முந்தி ஒரு போத்தலிலயாவது எடுத்து, அரக்கு வைச்சு, சீல் குத்தி அனுப்பவேணும் எண்டு ஒருத்தரும் சொல்லிக் குடுக்கேல்லை. அதாலதான் அமெரிக்காவில சட்டம் கவிண்டது." இதற்கு மேல் அமெரிக்க வரலாற்றில் அவருக்கு ஐயம் கிடையாது.

அவருடைய கோபத்தைப் பார்ப்பது எங்களுக்கு ஒரு விளையாட்டாகப் போயிற்று. மொழிபெயர்ப்பில் நான் கைவைக்கத் தொடங்கினேன். சண்டியன் ஒருவன் 'உன்னைச் சுடுவேன்' என்றால், 'எங்கள் சரக்கு யாழ்ப்பாணத்து எக்சைசுக்குக்கூடப் பிடிபடாது' என்கிறான் என்று சொல்லுவேன். எக்சைஸ் அண்ணை எழும்பிப் பெட்டிக்குக் கிட்டப் போய், "நெல்லியடியில வந்து காய்ச்சிப் பாரடா, தெரியும்!" என்று கையை நீட்டுவார். ஜெயம் கட்டிலில் விழுந்து புரளுவான். ஒருநாள் இன்னும் துணிந்து, பெரியவரின் உதவியாளர் ஒருவர் ஒரு பீப்பாயை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா என்று கேட்கிறார் என்றேன். அவ்வளவுதான்.

"ஆரவன்? அந்தக் கட்டை மீசையோ? எனக்கு முதலே தெரியும்! முகத்திலயே எழுதியிருக்கு. பெரியவர் என்ன சொன்னவர்?"

"யோசிக்கிறன் எண்டு சொன்னவர்."

"யோசிக்கிறாரோ!" அவர் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டு இங்கெ படியேறி வந்துவிட்டார். தனியாக இருந்த டேனிஷ் அம்மா. வீட்டுக்குள் அடிபிடி என்று நினைத்துக் கையில் ஒரு விளக்குமாற்றோடு வந்தார். வந்து பார்த்தால் ஒரு மனிதர் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் நின்று ஒரு தொப்பிக்காரரை வேலையிலிருந்து இடைநிறுத்திக்கொண்டிருக்கிறார். நான் விளக்கம் சொன்னேன். இங்கெ சிரித்தார். அடுத்த சனிக்கிழமை கேக் கொண்டுவந்து, எக்சைஸ் அண்ணைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் கோபப்படும்போதெல்லாம் தானும் பெட்டியைப் பார்த்துத் தலையை ஆட்டினார்.

ஆனால் சட்டத்துக்குக் கேக் தெரியாது. சில கிழமைகளுக்குப் பிறகு எக்சைஸ் அண்ணை நிலக்கீழ் அறைக்குச் சைக்கிள் வைக்கப் போனவர், மூச்சு வாங்க ஓடிவந்தார்.

"மாஸ்டர், கீழ வாங்கோ. சத்தம் போடாதேங்கோ. கோடா!"

கசிப்புக் காய்ச்சப் புளிக்க வைக்கிற ஊறலுக்கு ஊரில் அதுதான் பெயர். நிலக்கீழ் அறையில் இங்கெயின் மூலையில், ஒரு பெரிய கண்ணாடிக் குடுவையில் கறுத்த பழச்சாறு நுரைத்துக்கொண்டிருந்தது. வாயில் ஒரு வளைந்த குழாய், அதற்குள் தண்ணீர், அதில் ஒவ்வொரு குமிழியாக ஏறிக்கொண்டிருந்தது. எக்சைஸ் அண்ணை முழந்தாளிட்டு மணந்து பார்த்தார். அவர் முகத்தில் நான் டென்மார்க்கில் அதுவரை காணாத ஒரு நிம்மதி தெரிந்தது. இவ்வளவு காலமும் வேலையில்லாமல் இருந்த ஒரு மனிதனுக்குத் திடீரென்று வேலை கிடைத்துவிட்டது.

"அண்ணை, பழ வைன். இஞ்சை எல்லாரும் செய்யிறவை."

"எல்லாரும் செய்யிறவை எண்டுதான் பிடிபட்டவன் எல்லாரும் சொன்னவன்."

மெழுகுதிரியைக் கொளுத்திக் குடுவையின் வாய்க்கு மெழுகு ஊற்றினார். சட்டைப் பொத்தான் ஒன்றைப் பிடுங்கி அதன் மேல் அழுத்தி முத்திரை குத்தினார். முறையாகச் சின்னப் போத்தல் ஒன்றில் சாம்பிளும் எடுத்துக்கொண்டார். செவ்வாய்க்கிழமை என்னைக் கூப்பிடாமல் தனியே அதைப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோய் மேசையில் வைத்து, இங்கெயின் பெயரைச் சொல்லியிருக்கிறார்.

செவ்வாய்க்கிழமையென்று ஏன் சொல்கிறேன் என்றால், அது அவர் பொலிசுக்குப் போகிற நாள். மனைவி பவளமும் மகனும் மகளும் ஊரில் இருந்தார்கள். அவர்களைக் கூப்பிடுவதற்கு அவர் முறைப்படி மனுப் போட்டிருந்தார். எங்களில் பலரும் போட்டிருந்தோம். அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவன் தன் குடும்பத்தைக் கூப்பிடலாம் என்பது இந்த நாட்டின் சட்டம். கெஞ்சிக் கேட்பது அல்ல, உரிமை. அவர் கிழமைக்கு ஒருமுறை, தலை சீவி, சப்பாத்து மினுக்கி, என்னையும் கூட்டிக்கொண்டு போய்க் கேட்பார். அங்கிருந்த பொலிஸ்காரர் நல்ல மனிதர். கோபன்ஹேகனிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று கை விரிப்பார். "இக்கெ எண்ட்னு," இன்னும் இல்லை. டேனிஷில் எக்சைஸ் அண்ணைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாத சொற்கள் அவை இரண்டும்தான்.

அடுத்த நாள் அந்தப் பொலிஸ்காரர் இங்கெயின் வைனைப் பற்றிக் கதைக்க எங்கள் வாசலுக்கு வந்தார். யன்னலால் சீருடையைக் கண்ட எக்சைஸ் அண்ணை வெறுங்காலோடு படியிறங்கி ஓடினார். "பவளம்?" என்றார். "பவளம் கம்?"

பொலிஸ்காரர் சிவந்துபோனார். இல்லை, வைன் விசயம் என்றார். வீட்டில் வைன் போடுவது இந்த நாட்டில் குற்றமில்லை, காய்ச்சி வடித்தால்தான் குற்றம், தன் வீட்டிலும் ஒரு குடுவை இருக்கிறது என்று மெதுவாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். எக்சைஸ் அண்ணை படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"பொலிசே கோடா வைச்சிருக்கு, மாஸ்டர்," என்றார். கோபமாகத்தான் சொன்னார். ஆனால் கண் அந்தப் பொலிஸ்காரரின் கையில் வேறு ஏதாவது கடுதாசி இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தது.

ஜெயத்துக்கு இந்தக் காத்திருப்பு ஒத்துவராது. அவனுடைய அக்காவை ஏஜென்சிக்காரன் ஒருவன் மொஸ்கோ, கிழக்கு பேர்லின் என்று சுற்றிக் கொண்டுவந்து சேர்த்திருந்தான்.

"அண்ணை, உந்த மனு வேலைக்காகாது. ஒரு சொல்லுச் சொல்லுங்கோ, நான் ஆளோட கதைக்கிறன். பவளமக்கா தீவாளிக்கு இஞ்சை வந்து பலகாரம் சுடுவா."

"கள்ளப் பாஸ்போட்டிலயோ?"

"பின்ன? நீங்கள் என்னத்தில வந்தனீங்கள்? இந்த நாட்டு ராணி கார் அனுப்பினவவோ?"

"அது உயிர் போற நேரம், தம்பி. இப்ப என்னட்டைப் பெர்மிட் இருக்கு. பெர்மிட் வைச்சுக் கள்ளு விக்கிற தவறணைக்காரன் பின் கதவால யாவாரம் செய்தால் அவனை நான் என்ன செய்திருப்பன்? என்ர மனிசி முன் கதவாலதான் வருவா."

ஜெயம் என்னைப் பார்ப்பான். நான் எக்சைஸ் அண்ணையின் பக்கம்தான் நின்றேன். இது ஊரில்லை, ஜெயம், இங்கே ஒரு மனு ஒரு மேசையில் போய்த் தங்காது என்று பாடம் நடத்தினேன். டேனிஷ் சட்டப் புத்தகத்தை நூலகத்தில் எடுத்து வாசித்தவன் அல்லவா? எனக்குத் தெரியாதா? எனக்குத் தெரிந்ததெல்லாம் புத்தகம். மேசை தெரியவில்லை.

பிறகு ஒரு கிழமை கொழும்பிலிருந்து எக்சைஸ் அண்ணையின் மைத்துனர் போன் எடுத்தார். ஊரில் ஷெல் விழுகிறது, பவளம் பிள்ளைகளோடு வீட்டைவிட்டுக் கோயிலொன்றில் இருக்கிறா, இனியும் அவர்களை அங்கே வைத்துக்கொண்டிருக்கவேண்டாம் என்றார். எக்சைஸ் அண்ணை அன்று சாப்பிடவில்லை. அடுத்த நாளும் சாப்பிடவில்லை. வெள்ளிக்கிழமை ஜெயத்திடம், "உன்ர ஆளுக்கு எப்ப சொல்லவேணும்?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமைக்குள் ஓம் அல்லது இல்லை சொன்னால் போதும் என்றான் ஜெயம்.

இடையில் சனிக்கிழமை வந்தது.

அன்றைய அங்கத்தில் பீப்பாய் கட்டுகிற கிழவர் ஒருவர் வந்தார். சண்டியர்களுக்குப் பீப்பாய் கட்டிக் கொடுத்தவர், இப்போது அவர்களுக்கு எதிராகச் சாட்சி சொல்ல ஒத்துக்கொண்டுவிட்டார். அவரைப் பெரியவர் ஒரு ஹொட்டேலில் காவலோடு வைத்திருக்கிறார். ஆனால் கிழவரின் மனைவி வேறொரு ஊரில், சண்டியர்களின் கைக்கெட்டுகிற இடத்தில் இருக்கிறாள். அவளைக் காவலோடு கொண்டுவர நீதிமன்றத்திலிருந்து ஒரு கடுதாசி வரவேண்டும். அதை அனுப்பவேண்டிய உத்தியோகத்தன் அனுப்பாமல் வைத்திருக்கிறான். கிழவர் யன்னலடியில் உட்கார்ந்து தெருவைப் பார்த்துக்கொண்டே இருக்கிறார். பால் லொறி ஓட்டுகிற தெரிந்தவன் ஒருவன், 'நான் அவளைப் பால் பீப்பாய்களுக்கு நடுவில் மறைத்துக் கொண்டுவருகிறேன்' என்கிறான்.

எங்கள் அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. எக்சைஸ் அண்ணை ஒரு பிழையும் பிடிக்கவில்லை. கேக்கைக்கூட ஒருவரும் தொடாததைப் பார்த்து இங்கெ என் முகத்தைப் பார்த்தார்.

கிழவர் பெரியவரிடம் கேட்டார்: நான் என்ன செய்ய?

பெரியவர் தொப்பியைக் கழற்றினார். அந்தத் தொடரில் அவர் தொப்பியைக் கழற்றி நான் கண்டது அன்றைக்குத்தான். அவர் சொன்னது இது: 'அந்தக் கடுதாசி வரும் என்று நான் வாக்குத் தரமாட்டேன். அவள் என் மனைவியாக இருந்தால், நான் லொறியை அனுப்புவேன்.'

"என்ன சொல்லுறார் மாஸ்டர்?"

எக்சைஸ் அண்ணை பெட்டியைப் பார்த்துக் கேட்கவில்லை. என்னைப் பார்த்துக் கேட்டார். ஜெயமும் என்னைப் பார்த்தான். அவனுடைய டேனிஷ் அப்போது கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அந்த அறையில் உண்மை தெரிந்த தமிழன் நான் ஒருவன்.

நான் சொன்னேன்: "காத்திருங்கோ எண்டு சொல்லுறார். வாக்குத் தாறாராம். கடுதாசி கட்டாயம் வருமாம்."

ஏன் சொன்னேன்? இரக்கம் என்று சொன்னால் பொய். ஜெயத்தோடு நடந்த வாதத்தில் நான் வெல்லவேண்டும் என்று இருந்தது. இந்த நாட்டை எனக்குத் தெரியும் என்று இவ்வளவு காலமும் சொன்ன வாயை, ஒரு அமெரிக்க நடிகன் தொப்பியைக் கழற்றிக்கொண்டு பொய்யாக்குவதா? வழக்கம்போல மொழிபெயர்ப்பில் கைவைத்தேன். அதுவரை சிரிக்க வைத்த கை.

அடுத்த காட்சியில் பால் லொறி வந்து நின்றது. கிழவி இறங்கினாள். நான் சொன்ன கடுதாசி எங்கும் வரவில்லை.

"உது பால் லொறியெல்லே?" என்றான் ஜெயம். "அரசாங்கம் பால் லொறியிலயோ ஆக்களைக் கொண்டுவாறது?"

"சண்டியருக்குத் தெரியாமல்," என்றேன்.

"அதுதான் மாறுவேசம், மொக்கா!" எக்சைஸ் அண்ணை எழும்பி நின்றுவிட்டார். "நாங்களும் கொடிகாமத்தில மீன் வானுக்குள்ள இருந்துதானே போய்ப் பிடிச்சனாங்கள்! நாத்தம் போக மூண்டு நாள் எடுத்தது." கிழவரும் கிழவியும் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள். எக்சைஸ் அண்ணையின் கண்ணால் தண்ணீர் ஓடியது. "கடுதாசி வந்திட்டுது, பாத்தியோ தம்பி? பெரியவர் சொன்னால் சொன்னதுதான். உன்ர ஆளுக்கு வேண்டாம் எண்டு சொல்லிப்போடு."

ஜெயம் அதன்படியே சொல்லிவிட்டான்.

பிறகு ஒரு மாரி போய் இன்னொரு மாரி வந்தது. பவளம் கோயிலிலிருந்து ஒரு பள்ளிக்கூடத்துக்கும், பள்ளிக்கூடத்திலிருந்து யாரோ ஒருவர் வீட்டு முற்றத்து ஓலை மாலுக்கும் மாறினா. எக்சைஸ் அண்ணை செவ்வாய்தோறும் சப்பாத்து மினுக்கினார். நான் செவ்வாய்தோறும் கூடப் போனேன். இக்கெ எண்ட்னு. அந்தத் தொடரும் முடிந்து, அந்த நேரத்துக்கு உதைபந்தாட்டம் போட்டார்கள்.

கடைசியில் செய்தி வெளியே வந்தது. எங்கள் குடும்பங்களின் மனுக்கள் தாமதமாகவில்லை. தடுத்து வைக்கப்பட்டிருந்தன. கோபன்ஹேகனில் சட்டத்துக்குப் பொறுப்பாக இருந்த மந்திரியின் சொல்லின்படி, அந்த மனுக்களை எடுக்கவேண்டாம் என்று அதிகாரிகளுக்குச் சொல்லப்பட்டிருந்தது. சட்டம் மாறவில்லை. சட்டம் புத்தகத்தில் அப்படியே இருந்தது. நான் நூலகத்தில் வாசித்த அதே பக்கத்தில் இருந்தது. அதைக் காக்கச் சம்பளம் வாங்கிய மனிதரே அதன் மேல் ஏறி உட்கார்ந்திருந்தார்.

தொலைக்காட்சியில் செய்தி போனபோது எக்சைஸ் அண்ணை அதே கதிரையில் இருந்தார். "என்ன சொல்லுறாங்கள் மாஸ்டர்?" அன்றைக்கு நான் ஒரு சொல்லையும் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை.

அவர் கத்துவார் என்று நினைத்தேன். இங்கெயும் கத்தல் கேட்கும் என்று நினைத்தே ஏறி வந்திருக்கவேண்டும். வாசலில் நின்றார். எக்சைஸ் அண்ணை தணிந்த குரலில் தொடங்கினார்.

"நான் பத்தைக்குள்ள பிடிச்சவன் எல்லாம் ஏழை, மாஸ்டர். பிள்ளைக்குப் பால்மா வாங்கக் காய்ச்சினவன். அவனையும் நான் விடேல்லை. சட்டம் எண்டு கொண்டுபோய் நிப்பாட்டினன். அவன்ர மனிசி என்னை மண் அள்ளித் திட்டினவள். சட்டம் எண்டு நான் வாயைத் திறக்காமல் நிண்டனான்." அதற்குப் பிறகுதான் குரல் ஏறியது. "இவன் ஆர்? இவன் என்ன சட்டம் படிச்சவன்? என்ர மனிசியின்ர கடுதாசிக்கு மேல குந்தியிருக்க இவனுக்கு ஆர் பெர்மிட் குடுத்தது?"

யன்னல் கண்ணாடி அதிர்ந்தது. இங்கெக்குத் தமிழ் தெரியாது. இருந்தாலும் வாசலில் நின்றபடி தன் நாட்டு மந்திரியைத் தன் மொழியில் திட்டினார். இரண்டு பேரும் மாறி மாறித் திட்டினார்கள். அதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

பத்திரிகைகள் அதற்குத் 'தமிழர் வழக்கு' என்று பெயர் வைத்தன. எக்சைஸ் அண்ணைக்கு அது இன்னொரு கோபம். "களவெடுத்தவன் மந்திரி. பறிகுடுத்தவன் தமிழன். வழக்குக்குப் பறிகுடுத்தவன்ர பேரோ வைக்கிறது? எங்கட கோட்டில எண்டால் பதிவு மேசையிலயே திருப்பி எறிஞ்சிருப்பாங்கள்." வழக்கு வளர்ந்து, விசாரணை நடந்து, ஓர் அரசாங்கமே அதில் கவிழ்ந்தபோதும் அவர் அந்தப் பெயரை ஒத்துக்கொள்ளவில்லை. ஒருநாளும் அந்தப் பெயரால் அதைச் சொல்லவுமில்லை. "மந்திரி கேஸ்" என்றே சொல்லுவார்.

செய்தி வந்த அன்று இங்கெ போனபின், ஜெயமும் வேலைக்குப் போனபின், நான் எக்சைஸ் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். அந்தச் சனிக்கிழமை பெரியவர் காத்திரு என்று சொல்லவில்லை. லொறியை அனுப்பு என்றுதான் சொன்னார். நான்தான் மாற்றிச் சொன்னேன். பவளமக்கா இரண்டு மாரி அங்கே கிடந்தது என்னால்தான்.

அவர் என் பக்கம் திரும்பினார். அடிக்கப் போகிறார் என்றுதான் நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

"பெரியவர் அப்பிடியோ சொன்னவர்?" என்றார். "சட்டத்தில இருக்கிற ஒரு மனிசன் அப்பிடிச் சொல்லலாமோ?"

"சொன்னவர், அண்ணை. என்னில கோபியுங்கோ. நான் பொய் சொல்லிப்போட்டன்."

"ஓம், பொய்தான் சொல்லிப்போட்டியள். படிச்ச மனிசன் செய்யிற வேலையில்லை." எழும்பி யன்னலடிக்குப் போனார். திரும்பி வந்தார். இப்போது அவர் முகத்தில் அந்த மதுவரித் திணைக்களத்துக் கடுகடுப்பு வந்துவிட்டது. "இஞ்சை பாருங்கோ மாஸ்டர். ஒருக்கா கரவெட்டியில ஒரு பீப்பாய் பிடிச்சனாங்கள். பீப்பாய்க்காரனை நிப்பாட்டி வைச்சிருக்கிறம். பக்கத்து வீட்டுக்காரன் ஒருத்தன், நல்ல மனிசன், ஓடிவந்து, ஐயா நான்தான் விறகு குடுத்தனான், என்னிலயும் குற்றம் எண்டு அழுதான். நீதவான் ரெண்டு பேரையும் குழப்பி, கடைசியில ரெண்டு பேரையும் விட்டுட்டார். விளங்குதோ?"

"விளங்கேல்லை, அண்ணை."

"மந்திரியைப் பிடிச்சு வைச்சிருக்கிறம். கையும் களவுமாய்ப் பிடிபட்டு நிக்கிறான். நீங்கள் விறகு குடுத்தனான் எண்டு நடுவில ஓடிவந்து வழக்கைப் பழுதாக்காதேங்கோ. ஒதுங்கி நில்லுங்கோ!" கதவை அடித்துச் சாத்திக்கொண்டு வெளியே போனார்.

பல மாதம் என்னோடு அளவாகத்தான் கதைத்தார். செவ்வாய்க்கிழமை பொலிசுக்கு ஜெயத்தைக் கூட்டிக்கொண்டு போனார். ஜெயம் அங்கே என்ன மொழிபெயர்த்தானோ, கர்த்தருக்குத்தான் வெளிச்சம்.

மனுக்கள் மறுபடி அசையத் தொடங்கின. பவளத்துக்கும் மகளுக்கும் அனுமதி வந்தது. மகனுக்கு வரவில்லை. காத்திருந்த காலத்தில் அவனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டதாம், இனி அவன் பிள்ளை இல்லையாம். வாசகர் பதறவேண்டாம், அவன் பிறகு ஜெயம் சொன்ன அதே வகை வழியால் கனடா போய்ச் சேர்ந்தான். ஆனால் அன்றைக்கு அது தெரியாது. அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்ததெல்லாம், மூன்று பேருக்குக் கேட்ட மனிதனுக்கு இரண்டு பேரைக் கொடுத்தார்கள் என்பதுதான். அந்த மூன்றாவது ஆளை எந்த விசாரணையும் எந்தத் தீர்ப்பும் திருப்பித் தரவில்லை. மந்திரியில் அந்தக் குற்றம் இருக்கிறது. எக்சைஸ் அண்ணை எவ்வளவு சத்தம் போட்டுத் தடுத்தாலும், அதில் ஒரு கட்டு விறகு என்னுடையது.

அவர்கள் வருகிற நாளில் நான் ஸ்டேசனுக்குப் போவதாக இருக்கவில்லை. எக்சைஸ் அண்ணைதான் என் அறைக் கதவைத் தட்டினார். கோட்டுப் போட்டுக் கழுத்தில் ரையும் கட்டியிருந்தார். "என்ன இன்னும் சாரத்தோட நிக்கிறியள்? ரெயின் வரப்போகுது," என்றார், ஏதோ நான் பிந்திவிட்டதுபோல.

ரெயின் வந்தது. பவளமக்கா இறங்கினா. மெலிந்த, சின்ன மனுசி. பின்னால் மகள், தன் அளவுக்குப் பெரிதான ஒரு குளிர்க்கோட்டுக்குள். எக்சைஸ் அண்ணை அவர்களைக் கட்டிப்பிடிக்கவில்லை. முதலில் பவளமக்காவின் கையிலிருந்த பாஸ்போட்டை வாங்கி விரித்தார். விசாவைப் பார்த்தார். திகதியைப் பார்த்தார். முத்திரையை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தார். மகளுடையதையும் அப்படியே பார்த்தார். சனம் எங்களைச் சுற்றிக்கொண்டு போனது. பவளமக்கா பெட்டியை இறக்கி வைத்துவிட்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றா. அந்த மனிதனை அவவுக்குத் தெரியும்.

"எல்லாம் சரி," என்றார். "முன் கதவாலதான் வந்திருக்கிறியள்." அதற்குப் பிறகுதான் அவருக்கு முகம் உடைந்தது.

அழுது முடிந்தபோதும் அவர் ரெயினை விட்டுத் திரும்பவில்லை. அவர்கள் இறங்கிய கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். இன்னும் யாரோ இறங்க இருக்கிறார்கள் என்பதுபோல. கதவு பூட்டி ரெயின் புறப்பட்டுப் போகும்வரை நின்றார். நானும் நின்றேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் துணிவில்லாமல், குனிந்து இரண்டு பெட்டிகளில் பெரியதைத் தூக்கினேன்.

அவர் வந்து என் கையிலிருந்து அதைப் பறித்தார். "உங்களால ஏலாது, விடுங்கோ," என்று அதட்டிவிட்டு, மகளின் சின்னப் பையை எடுத்து என்னிடம் தந்தார். பாரமானதைத் தானே தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.